ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்: எப்படித் தொடங்குவது, ஏன் காசு கொடுப்பது

கேள்வியைச் சுருக்கமாக மேலே எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் உதவும். குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற கேமைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டு, ஒருமுறை திறந்து பார்த்து, ஒன்றும் பிடிபடாமல் மூடிவிட்டீர்கள். அதை எங்கிருந்து தொடங்குவது, இலவசப் பதிப்பு இருக்கும்போது காசு கொடுத்து வாங்க என்ன அவசியம், இதையும் வேறு சின்ன கேம்களையும் வாங்குவதைத் தவிர வேறு எப்படி ஆதரிக்கலாம், பழைய லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷமாக ஆடிவருகிறேன், மனதுக்கு மிகவும் நெருக்கமான கேம். அதனால் பதில் நீளமாகத்தான் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் ஜெயிப்பது என்று எதுவும் கிடையாது. கடைசிக் கட்டம் இல்லை, கடைசி எதிரி இல்லை. நீங்கள் கட்டுகிற கோட்டை என்றைக்காவது விழும். விழாவிட்டால் நீங்களே அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவீர்கள். 'தோற்பதுதான் சுவாரசியம்' என்பது ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவரும் வாக்கியம். புதிதாக வருகிறவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்வதாகப் பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்கிறேன். இங்கே உங்கள் கைக்கு மிஞ்சுவது ஒரு கதை: கோட்டை எப்படி எழுந்தது, உள்ளே யார் யார் இருந்தார்கள், எதனால் விழுந்தது என்று இன்னொருவரிடம் சொல்லக்கூடிய கதை. அந்தக் கதைகளை ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் பதினாறு வருஷம் இலவசமாக மட்டுமே கிடைத்தும் இந்த கேம் தாக்குப்பிடித்தது. ஆடுவதையும் ஆதரிப்பதையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த கேமில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இதைச் செய்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஸேக் ஆடம்ஸ், டார்ன் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி. புரோகிராம் எழுதுவது தம்பி டார்ன். கதைகள் எழுதி, அந்த உலகத்தில் எந்த மாதிரிச் சம்பவங்கள் நடக்க வேண்டும் என்று யோசிப்பதில் அண்ணனுக்குப் பெரிய பங்கு. டார்ன் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலைக்குப் போனவர், முதல் வருஷத்திலேயே அதை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கிவிட்டார். வேலை தொடங்கியது 2002-இல். முதல் பதிப்பு 2006 ஆகஸ்டில் இலவசமாக வெளியானது. பே 12 கேம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட இரண்டே பேர், விளம்பரம் கிடையாது, படங்களும் கிடையாது. திரை முழுக்க எழுத்துகளும் குறியீடுகளும்தான். சிரிக்கும் முகம் ஒரு குள்ளர், சின்ன ஜி ஒரு கோப்ளின் (எதிரி இனம்), பெரிய டி ஒரு டிராகன். அந்தக் கோலத்திலேயே 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு எடுத்த முதல் 14 வீடியோ கேம்களில் இதுவும் இடம்பிடித்தது. மைன்கிராஃப்டை உருவாக்கியவர் தனக்குத் தூண்டுதலாக இருந்தவை என்று சொன்ன கேம்களில் இதுவும் உண்டு.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்? புது உலகம் உருவாக்கு என்று சொன்னதும், கேம் முதலில் நிலத்தைச் செய்கிறது. மலை, மழை, வெப்பம், மலையை அரித்துக்கொண்டு இறங்கும் ஆறு, அதற்கேற்ற காடும் பாலையும். பிறகு அதில் இனங்களைக் குடியேற்றி வரலாற்றை ஓட்டத் தொடங்குகிறது. அரசர்கள் முடிசூடுகிறார்கள், சாகிறார்கள். போர் நடக்கிறது. ஏதோ ஒரு மிருகம் ஓர் ஊரை அழிக்கிறது. அந்த மிருகத்தைக் கொன்றவனின் பெயரும் குடும்பமும் பதிவாகின்றன. இவ்வளவும் நீங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். அப்புறம்தான் அந்த உலகத்தின் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் ஏழு குள்ளர்களையும் ஒரு வண்டிச் சாமானையும் உங்களிடம் கொடுத்து, இங்கே கோட்டை கட்டிக்கொள் என்கிறது.

உயிர்களையும் அதே கவனத்தோடு செய்திருக்கிறார்கள். மற்ற கேம்களில் போல உயிருக்கு நூறு புள்ளி என்று ஒரு எண் கிடையாது. தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று உடல் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு ஈட்டிக் குத்து எந்த விரலை வெட்டியது, எந்த நுரையீரலைத் துளைத்தது என்று சண்டைக் குறிப்பில் வரி வரியாக எழுதப்படும். ஒவ்வொரு குள்ளருக்கும் பிடித்த உலோகம், பிடிக்காத பிராணி, நண்பர்கள், பகை, கெட்ட நினைவுகள் எல்லாம் உண்டு. மழையில் நனைந்த எரிச்சல்கூட மனதில் நிற்கும்.

இதன் ஆழத்தைப் புரிந்துகொள்ள, குடித்துச் செத்த பூனைகளின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2015 டிசம்பர் பதிப்பில் கோட்டைக்குள் மதுவிடுதிகள் வந்தன. கொஞ்ச நாளில், பூனைகள் காரணமில்லாமல் செத்துக் கிடக்கின்றன என்று ஆட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள். டார்ன் தோண்டிப் பார்த்தார். விடுதியில் குடிப்பவர்கள் மதுவைத் தரையில் சிந்துகிறார்கள். பூனை அதன்மேல் நடக்கிறது, பாதத்தில் மது ஒட்டுகிறது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம் கேமில் ஏற்கெனவே இருந்தது. நக்கியது வயிற்றுக்குள் போகும் என்பதும் இருந்தது. பிசகு ஒரே இடத்தில்தான்: பாதத்தில் ஒட்டிய துளியை ஒரு முழுக் கோப்பை மதுவாகக் கேம் கணக்குப் போட்டது. பூனையின் உடல் அளவுக்கு அது தாங்காது. 'பூனை குடித்தால் சாகும்' என்று எங்கேயும் யாரும் எழுதி வைக்கவில்லை. தனித்தனியாகச் சரியாக இருந்த நாலைந்து விதிகள் ஒன்றுசேர்ந்து அப்படி ஒரு சாவைத் தாங்களே உண்டாக்கின. இந்த கேமில் நீங்கள் பார்க்கப்போகும் அத்தனை சம்பவங்களும் இப்படித்தான் பிறக்கின்றன. ஆட்டக்காரர்கள் எழுதும் கதைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாததற்கும் அதுவே காரணம்.

சரி, தொடங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஒன்று, 2022 டிசம்பர் 6-இல் ஸ்டீம், இட்ச் என்ற இணைய கேம் கடைகளில் வந்த விலைப் பதிப்பு. அதில் படங்கள், இசை, சத்தம் எல்லாம் உண்டு. இன்னொன்று, பழைய எழுத்துத் தோற்றத்தோடு இன்றும் இலவசமாகக் கிடைக்கும் கிளாசிக் பதிப்பு. உள்ளே ஓடும் உலகம் இரண்டிலும் ஒன்றேதான். இரண்டிலும் இப்போது மவுஸ் வேலை செய்யும். 2022-க்கு முன்பு ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கீபோர்ட் எழுத்து, அதற்குள் இன்னொரு எழுத்து என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இந்த கேம் கடினம் என்ற பேச்சில் பெரும்பகுதி அந்தக் காலத்து மெனுக்களால் வந்தது. நீங்கள் திறந்து பார்த்தது பழைய பதிப்பாக இருந்தால், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணுக்குப் படம் வேண்டும் என்றால் விலைப் பதிப்பு, முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்றால் கிளாசிக். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த கேமை எடைபோட 2 மணி நேரம் போதவே போதாது. அதனால்தான் இலவசப் பதிப்பில் ஒரு கோட்டை கட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆங்கிலத்தில் வாசிக்க நிறைய இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

உலகத்தை உருவாக்கும்போது சின்ன உலகம், குறைந்த வரலாறு என்று தேர்ந்தெடுங்கள். பெரிய உலகம் உங்கள் கணினியைத் தொடக்கத்திலேயே களைக்க வைக்கும், முதல் ஆட்டத்தில் அந்தப் பிரம்மாண்டத்தால் உங்களுக்குப் பயனும் இல்லை. இடம் தேர்ந்தெடுக்க, கேமே தரும் பயிற்சியை ஏற்றுக்கொள்ளுங்கள், அது ஓரளவு பாதுகாப்பான இடத்தைப் பார்த்துக் கொடுக்கும். நீங்களாகத் தேடினால் மரம், மேல்மட்டத்தில் மண், பக்கத்தில் ஓடை, ஆழமில்லாத உலோகம் இவை இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தடி நீர்ப்படலம் கனமாக உள்ள இடத்தை முதல் தடவை தவிர்த்துவிடுங்கள், தோண்டிய வேகத்தில் தண்ணீர் நிரம்பிவிடும். தீய நிலம் என்று காட்டும் பகுதிகளையும் விட்டுவிடுங்கள். அங்கே செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள், ரத்தம் மழையாகப் பெய்யும். அதெல்லாம் பின்னால் நீங்களாகவே தேடிப்போக வேண்டிய இடங்கள்.

வந்து இறங்கியதும் ஸ்பேஸ் பாரை அழுத்தி நிறுத்துங்கள். நிறுத்தி வைத்துக்கொண்டே எல்லாக் கட்டளைகளையும் கொடுக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். முதல் வேலை, மண்ணுக்குள் ஒரு படிக்கட்டு இறக்கி ஒரு பெரிய அறை தோண்டுவது. வண்டியில் உள்ள சாமான்களை அங்கே அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு அறையில், மண் தரையிலேயே, விவசாயம். பிளம்ப் ஹெல்மெட் என்ற நிலத்தடிக் காளான் ஒன்று இருக்கிறது. முதல் வருஷத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். வெளிச்சம் வேண்டாம், பச்சையாகத் தின்னலாம், மது காய்ச்சலாம். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. பச்சையாகத் தின்றாலும் காய்ச்சினாலும் விதை மிஞ்சும், சமைத்தால் விதை போய்விடும். ஆகவே சமையல் பட்டியலில் அதை நிறுத்தி வையுங்கள்.

மது இந்தக் குள்ளர்களுக்கு உணவுக்குச் சமம். வெறும் தண்ணீரிலேயே நாளை ஓட்டினால் வேலையில் மந்தமாவார்கள், மனமும் கெடும். காய்ச்சும் பட்டறையும் காலிப் பீப்பாய்களும் எப்போதும் இருக்கட்டும். பீப்பாய் தீர்ந்து மது நிற்பதுதான் புதியவர்களின் கோட்டைகளில் நான் அதிகம் பார்த்த ஆரம்ப நோய். மரத்தச்சரிடம் கட்டில், கல் பட்டறையில் மேசையும் நாற்காலியும் கதவும் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு சின்ன அறை கொடுத்தால் அவர்கள் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்பது ஒவ்வொருவரின் மனக் குறிப்பையும் படித்தால் தெரியும். படியுங்கள். எந்தக் குள்ளரைக் கிளிக் செய்தாலும் அவர் என்ன நினைக்கிறார் என்று வரும். திரையில் அத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது, முதலில் வந்த ஏழு பேரையாவது பெயர் சொல்லி அடையாளம் காணும் அளவுக்குத் தெரிந்து வைத்துக்கொண்டால் கேமே வேறாகிவிடும்.

இலையுதிர் காலத்தில் உங்கள் தாய்நாட்டிலிருந்து முதல் வணிக வண்டி வரும். அதற்குள் வணிகக் களம் ஒன்று கட்டி, கல்லில் குவளையும் சின்னச் சின்ன கைவினைப் பொருள்களும் செய்து வைத்திருந்தால், தேவையான கருவியும் துணியும் உணவும் வாங்கிக்கொள்ளலாம். (காட்டை நேசிக்கும் எல்ஃப் இனத்து வணிகர்கள் வரும்போது மட்டும் மரச் சாமானை நீட்டாதீர்கள். மரம் வெட்டியதைப் பார்த்து கோபித்துக்கொள்வார்கள்.) இதற்கிடையே குடியேறிகள் கூட்டமாக வந்துகொண்டே இருப்பார்கள். கோட்டை வாசலில் ஒரு தூக்குப் பாலம் கட்டி, ஒரு நெம்புகோலோடு இணைத்துவிடுங்கள். பாலத்தைத் தூக்கினால் அதுவே சுவர். படை என்று ஒன்றைத் திரட்டக் கற்றுக்கொள்ளும் வரை, கோப்ளின் படையெடுப்பிலிருந்து உங்களைக் காப்பது அந்த ஒரு பாலம்தான்.

இதற்கு மேல் நான் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. மிச்சம் எல்லாம் ஆட்டக்காரர்களே எழுதிப் பராமரிக்கும் விக்கியில் இருக்கிறது, அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவது ஏமாற்றுவது ஆகாது. ஆனால் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஆடத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்தே தொடங்காமல் போனவர்கள்தான் அதிகம். மிக ஆழத்தில் என்ன இருக்கிறது என்ற பக்கங்களை மட்டும் படிக்கவே வேண்டாம், அதை நீங்களே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு குள்ளர் திடீரென்று பட்டறை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எலும்பு வேண்டும், பட்டு வேண்டும், இன்ன கல் வேண்டும் என்று கேட்பார். கேட்டது கிடைத்தால் தலைமுறைக்கு ஒன்றாகப் பேசப்படும் கலைப்பொருளைச் செய்து, அந்தத் தொழிலில் மேதையாகி வெளியே வருவார். கிடைக்காவிட்டால் புத்தி பேதலித்துவிடும். செத்தவர்களைப் புதைக்காமல் விட்டால் ஆவியாக வந்து நிற்பார்கள். உடல் கிடைக்கவில்லை என்றால் பெயர் பொறித்த நினைவுக் கல்லாவது வைக்க வேண்டும். குடியேறிகளில் ஒருவர், பொய்யான பின்னணி சொல்லிக்கொண்டு வந்த ரத்தக்காட்டேரியாக இருக்கலாம். சுவர்களில் சித்திரம் செதுக்கச் சொன்னால், செதுக்குபவர் அந்த உலகத்தின் பழைய போர்களையும் உங்கள் கோட்டையிலேயே நடந்த சாவுகளையும் செதுக்கி வைப்பார். போன வருஷம் வாசலில் இறந்தவரைச் சாப்பாட்டுக் கூடச் சுவரில் பார்க்கும்போது, அந்தப் பெயரை நீங்கள் ஞாபகம் வைத்திருப்பீர்கள்.

வீழ்ச்சி வருவதும் அப்படித்தான். ஒரு சண்டையில் நாலு பேர் சாகிறார்கள். அவர்களின் நண்பன் ஒருவன் துக்கம் தாங்காமல் ஒரு நாற்காலியை உடைக்கிறான், எதிரே வந்தவனை அடிக்கிறான். அடிபட்டவனின் மனைவிக்குக் கோபம். சில மாதங்களில் மொத்தக் கோட்டையும் தன்னைத்தானே தின்று தீர்த்துவிடும். இப்போதைய பதிப்புகளில் இது முன்பு போலச் சட்டென்று பரவுவதில்லை, ஆனாலும் நடக்கும். அந்த நேரத்தில் முன்பு சேமித்து வைத்த சேவ் கோப்பைத் திறந்து தப்பிக்க மனம் ஓடும். முதல் தடவையாவது ஓடவிடாதீர்கள், கடைசி ஆள் வரை பாருங்கள். காரணம் இருக்கிறது: கோட்டை விழுந்தாலும் அந்த உலகம் அழிவதில்லை. அடுத்த கோட்டையை அதே உலகத்தில் வேறு மூலையில் தொடங்கலாம். அழிந்த கோட்டையையே மீட்க மறுபடி ஏழு பேரை அனுப்பலாம். சாகச முறையில் ஒற்றை ஆளாக நடந்து போய், நீங்கள் தோண்டிய அறைகளுக்குள்ளேயே நுழையலாம். நீங்கள் கட்டிய பாலம் அங்கேயே இருக்கும். ஸ்டீம் பதிப்பில் அந்த சாகச முறை முழுமையாக வந்தது 2025 ஜனவரியில். உலகத்தின் முழு வரலாற்றையும் புரட்டிப் பார்க்கும் தனிப் பகுதியும் உண்டு. உங்கள் கோட்டை அதில் ஒரு வரியாகப் பதிவாகியிருக்கும்.

இது எல்லாருக்குமான கேம் என்று சொல்ல மாட்டேன். இலக்கு ஒன்றைக் கொடுத்து அதை முடித்ததும் பரிசு கொடுக்கும் கேம்கள்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இதில் சலிப்பு வரும். வாசிப்பதில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் ஒத்துவராது. பார்க்க அழகாக இருக்கும் கட்டுமான கேமைத் தேடுகிறீர்கள் என்றாலும் வேறு நல்லவை இருக்கின்றன.

இப்போது காசு விஷயம். 2006-இலிருந்து 2022 வரை இந்த அண்ணன் தம்பி வாழ்ந்தது ஆட்டக்காரர்கள் விருப்பப்பட்டு அனுப்பிய நன்கொடையில். அனுப்பியவர்களுக்கு ஒரு குட்டிக் கதையோ, கிரேயானில் கையால் வரைந்த படமோ நன்றியாகப் போகும். மாதம் சில ஆயிரம் டாலர், அதில் இரண்டு பேரின் வாழ்க்கை. அவர்கள் அதற்குக் குறைபட்டுக்கொண்டதில்லை. 2019 மார்ச்சில்தான் நிலைமை மாறியது. ஸேக்குக்குத் தோல் புற்றுநோய் வந்து சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். காப்பீடு இருந்ததால் அந்தத் தடவை தப்பினார்கள். அடுத்த தடவைக்கு என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் படங்களோடு விலைப் பதிப்பு கொண்டுவரும் முடிவு பிறந்தது. கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் என்ற இன்னொரு சின்ன நிறுவனம் வெளியீட்டாளராகச் சேர்ந்தது.

அறிவித்ததிலிருந்து வெளியாக மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. வெளியான பிறகு ஒரு மாதத்துக்குள் கிட்டத்தட்ட 5 லட்சம் பிரதிகள் விற்றன. பே 12 மாதாமாதம் தன் வருமானத்தை வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் உள்ளது. 2022 டிசம்பரில் வந்தது சுமார் 15 ஆயிரம் டாலர்; கடை ஒரு மாதம் தள்ளிப் பணம் கொடுக்கும் என்பதால் 2023 ஜனவரியில் வந்தது 72 லட்சம் டாலர். அத்தனை வருஷமாக இலவசமாக ஆடியவர்கள், இன்றும் இலவசமாக ஆட முடிந்தவர்கள், திரண்டு போய் 29.99 டாலர் கொடுத்து வாங்கியதை நான் இந்தத் துறையில் பார்த்த நல்ல காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. டார்ன் தனியாகவே எழுதிவந்த புரோகிராமுக்கு 2023-இல் இரண்டாவது புரோகிராமர் ஒருவர் வந்தார். கேமின் வேகம் கூடியது, பல வருஷமாகக் கிடப்பில் இருந்த பிழைகள் தீர ஆரம்பித்தன.

அந்த இரண்டாவது புரோகிராமர், அதற்கு முன்பு இந்த கேமுக்கு மோட், அதாவது ரசிகர்கள் தாங்களாகச் செய்து சேர்க்கும் மாற்றங்கள், எழுதிக்கொண்டிருந்தவர். விலைப் பதிப்பின் படங்களை வரைய அழைக்கப்பட்டவர்களும், இலவசப் பதிப்புக்குத் தாங்களாகவே படத் தொகுப்பு செய்து பகிர்ந்துகொண்டிருந்த ரசிகர்கள். வாங்குவதைத் தவிர எப்படி ஆதரிப்பது என்று கேட்டீர்களே, முதல் பதில் அதுதான். உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை கேமுக்காகச் செய்வது. எல்லாரும் படம் வரைய வேண்டியதில்லை. விக்கியில் பழைய பதிப்புக்கான தகவல் அப்படியே கிடக்கும் பக்கம் ஒன்றைத் திருத்தினாலே அடுத்து வருகிறவர் ஒருவருக்கு ஒரு மாலை நேரம் மிச்சமாகும். இந்த கேமின் பிராணிகள், செடிகள், பொருள்கள் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருப்பதால், புரோகிராமிங் தெரியாதவர்கள்கூட அவற்றைத் திருத்தி மோட் செய்ய முடியும். டிஎஃப்ஹேக் என்ற துணைக் கருவி திறந்த மூலத் திட்டம், ஸ்டீமிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு கூட்டம் பல வருஷமாகப் பராமரித்துவருகிறது, அங்கேயும் கை கொடுக்கலாம்.

பிழையைச் சொல்வதும் ஆதரவுதான், ஆனால் சொல்லும் விதம் இருக்கிறது. 'கேம் நின்றுவிட்டது' என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. எந்தப் பதிப்பு, என்ன மோட் போட்டிருந்தீர்கள், அதற்கு முன்பு என்ன செய்தீர்கள், மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா என்று எழுதி, முடிந்தால் சேவ் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். செத்த பூனைகளுக்குக் காரணம் தெரிந்தது, யாரோ கவனித்துப் பொறுமையாகச் சொன்னதால்தான்.

இரண்டாவது பதில், கதை சொல்வது. இந்த கேமைப் பரப்பியது அதன் தோற்றம் அல்ல. 2006, 2007 வாக்கில் ஒரு கூட்டம் ஒரே கோட்டையை ஆளுக்கு ஒரு விளையாட்டு வருஷம் ஆண்டு, சேவ் கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்து, தங்கள் ஆட்சியில் நடந்ததை எழுதினார்கள். போட்மர்டர்ட் என்பது அந்தக் கோட்டையின் பெயர். வெறிகொண்ட யானைகள், தீக்குழம்பை வெளியே பாய்ச்சும் கருவி, ஒருவர் விட்டுவைத்த குழப்பத்தை அடுத்தவர் சமாளித்த லட்சணம் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்துக் குறியீடுகளைப் பார்த்து மிரண்டவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கேமைத் தேடி வந்தார்கள். நீங்களும் உங்கள் முதல் கோட்டை விழுந்ததும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். இந்த கேமுக்குத் தமிழில் படிக்க ஏதாவது இருப்பதே ஒரு பெரிய உதவி, அதற்கு நீங்கள் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே கோட்டையைக் கைமாற்றி ஆடிப் பாருங்கள், அதைவிட விரைவாகக் கற்றுக்கொள்ள வழி இல்லை.

இது ஓரளவு வசதியாகிவிட்ட கேம். வேறு சின்ன கேம்களுக்கும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அங்கே உங்கள் சின்னச் செயல்களின் எடை இன்னும் அதிகம். ஸ்டீமில் ஒரு கேமுக்கு மதிப்பெண் தெரிய வேண்டும் என்றால் வாங்கியவர்களின் விமர்சனம் குறைந்தது 10 வேண்டும். ஒன்பதில் நிற்கும் நல்ல கேம்கள் ஏராளம். நீங்கள் எழுதும் நாலு வரி அந்தப் பத்தாவதாக இருக்கலாம். வெளியாகாத கேமை விருப்பப் பட்டியலில் சேர்ப்பதும் உதவும்: வெளியாகும் அன்று உங்களுக்குத் தகவல் வரும், டெவலப்பருக்கும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். ஸ்டீம் வழக்கமாக 30% எடுத்துக்கொள்ளும். இட்ச்சில் கடையின் பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே தீர்மானிக்கலாம், பல கேம்களில் விலைக்கு மேல் கூடுதலாகவும் கொடுக்கலாம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸுக்கு நேரடி நன்கொடைக்கும், பேட்ரியான் தளத்தில் மாதாமாதம் ஆதரிப்பதற்கும் இன்னும் வழி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று முகம் தெரியாத தளங்களில் கீ (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்) மட்டும் வாங்காதீர்கள். அவற்றில் சில திருடிய கார்டுகளில் வாங்கப்பட்டவை; அட்டைக்காரர் பணத்தைத் திரும்பப் பெறும்போது இழப்பு, கேமைச் செய்தவர் தலையில் விழும். அப்படி வாங்குவதற்கு இலவசப் பதிப்பை ஆடுவதே எவ்வளவோ மேல்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அடுத்த அப்டேட் எப்போது, எப்போது என்று துளைத்தெடுக்காதீர்கள். 2002-இல் தொடங்கிய வேலை இது, இன்னும் முதல் முழுப் பதிப்பு என்று அவர்கள் வைத்திருக்கும் இலக்கை எட்டவில்லை. அவசரப்படாமல் செய்ததால்தான் இது இப்படி இருக்கிறது.

கடைசியாக லேப்டாப். கிராஃபிக்ஸ் கார்டு பற்றிக் கவலை வேண்டாம், இந்த கேமுக்கு அது கிட்டத்தட்ட தேவையே இல்லை. பாரம் முழுக்கச் செயலியின் மேல்தான். ஒவ்வொரு உயிரும் எந்த வழியாகப் போவது என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடுவதால், ஆள் கூடக்கூட வேகம் குறையும். உங்கள் பழைய கணினியில் முப்பது நாற்பது பேர் கொண்ட கோட்டை தாராளமாக ஓடும் என்று நினைக்கிறேன். மக்கள்தொகைக்கு உச்சவரம்பை அமைப்புகளில் குறைத்து வையுங்கள். சின்ன உலகம், கோட்டைக்குச் சின்ன நிலப்பரப்பு எடுங்கள். தேவையில்லாத ஆடு மாடுகளையும் பெருகிவிட்ட பூனைகளையும் கூண்டில் அடையுங்கள், அல்லது வணிகர்களிடம் கொடுத்துவிடுங்கள். உபயோகமில்லாத சுரங்கப் பாதைகளைச் சுவர் வைத்து அடைத்துவிடுவதும் வேகத்துக்கு உதவும். முதலில் கிளாசிக்கைப் போட்டு அந்தக் கணினியில் ஒரு விளையாட்டு வருஷம் ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் விலைப் பதிப்பும் ஓடும். எங்காவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள், கேட்கும்போது எந்தப் பதிப்பு, எத்தனை குள்ளர்கள், மது எத்தனை பீப்பாய் மிச்சம் என்று சேர்த்து எழுதுங்கள்.